கேட்டால்தான் கஞ்சி

காலையில் வேலைக்கு வந்து உட்கார்ந்ததிலிருந்து மெஹ்னாஸ் வீட்டுக்கு எத்தனை தடவை போன் போட்டாள் என்று அவளுக்கே கணக்கில்லை. திருவொற்றியூரில், கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் ஒரு யார்டின் கேட்டை ஒட்டிய கண்ணாடிக் கூண்டில் அவளுக்கு வேலை. லாரி வரும், டிரைவர் சீட்டை நீட்டுவான், பெட்டியின் நம்பரை இவள் கம்ப்யூட்டரில் தட்டுவாள். ஓர் எழுத்து மாறினால் பெட்டி ஒரு பக்கமும் சரக்கு ஒரு பக்கமும் போய்விடும். அந்த வேலையில் இதுவரை அவள் பெயர் கெட்டதில்லை. ஆனால் இந்த ரமலான் மாதத்தில் அவள் கண் ஸ்கிரீனில் இருந்ததைவிடப் போனில் இருந்த நேரம்தான் அதிகம்.

"அண்ணி, சைமா இன்னா பண்றா?"

"இப்பதான கேட்ட? வெளையாடிகினு கீறா."

"கை காட்னாளா?"

"காட்னா."

"குடுத்துட்டீங்களா?"

"இல்லம்மா தாயே, குடுக்கல. நோம்பு வெச்சிக்கினு என்னால உன்னோட கத்த முடியாது. போன வை."

கணவனின் அக்கா அஜீசா போனை வைத்த சத்தம் காதில் அறைந்த மாதிரி இருந்தது. மெஹ்னாஸுக்குத் திருப்தி இல்லை. குடுக்கல என்று சொல்கிறவர்கள் எல்லாம் குடுக்காதவர்களா? வெளியே ஒரு டிரைவர் ஹாரனைப் போட்டு அழுத்தினான். "வர்றேன்யா, உசுர வாங்காத" என்று முனகிக்கொண்டே அவன் சீட்டை வாங்கினாள்.

மகள் சைமாவுக்கு மூன்றரை வயது முடிந்துவிட்டது. இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. காது நன்றாகக் கேட்கிறது, சோதித்துப் பார்த்தாயிற்று. கூப்பிட்டால் திரும்புவாள், சொன்னதைச் செய்வாள், வயிறு குலுங்கச் சிரிப்பாள். பேச்சு மட்டும் வரவில்லை. ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். வாயைத் திறக்காத பிள்ளையை எந்த டீச்சர் மடியில் வைத்துக் கொஞ்சப் போகிறாள்? மெஹ்னாஸ் வேறு எதை நினைக்க முயன்றாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பாள்.

இந்தக் கூத்துக்கு முதல் விதை போட்டவன் சைமாவின் அப்பா ஜுபைர். துறைமுகத்தில் அவன் சிக்னல்மேன். கிரேனுக்குக் கீழே நின்று இவன் கை காட்டினால், மேலே கூண்டில் இருக்கும் ஆபரேட்டர் டன் கணக்கில் இரும்பை அசைப்பான். அந்த இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒன்றும் கேட்காது. சுட்டு விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு. கீழே நீட்டிச் சுழற்றினால் இறக்கு. கையை நீட்டி உள்ளங்கையைக் கவிழ்த்தால் நிறுத்து. எட்டு மணி நேரம் கையாலேயே பேசிவிட்டு வருகிற மனுஷன், வீட்டுக்கு வந்ததும் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு அதே விளையாட்டைத்தான் விளையாடினான். சைமா விரலைச் சுழற்றினால் ஜுபைர் அவளை மேலே தூக்குவான். கீழே காட்டிச் சுழற்றினால் இறக்குவான். அவள் கெட்டிக்காரி, இரண்டே மாதத்தில் அப்பனையே மிஞ்சிவிட்டாள். அலமாரி மேலிருந்த பிஸ்கட் டப்பாவை இறக்கச் சொல்வாள், ஜன்னலில் உட்கார்ந்த காக்காவை நிறுத்தச் சொல்வாள். குடும்ப வாட்ஸப்பில் அந்த வீடியோ பறந்தது. அதற்கு வந்த பாராட்டையெல்லாம் வாயெல்லாம் பல்லாகப் படித்தவர்களில் மெஹ்னாஸும் ஒருத்தி.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஜெரின் மேடம் அந்த வீடியோவைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "உங்க வீட்டுல இந்தப் பிள்ளைக்குப் பேச வேண்டிய அவசியமே வரல. விரல் அசைஞ்சா வேலை நடக்குது, அப்புறம் வாய் எதுக்கு?" என்றார். பட்டினி போடச் சொல்லவில்லை என்று அழுத்திச் சொன்னார். அவள் கேட்பதைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதன் பெயரைச் சொல்லுங்கள், முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் காத்திருங்கள், ஒரு சத்தம் வந்தாலும் உடனே கொடுத்துவிடுங்கள், ரொம்ப அழுதால் விட்டுவிடுங்கள். "ஆனா பிள்ளையைப் பார்த்துக்கிற எல்லாரும் ஒரே மாதிரி இருக்கணும். ஒருத்தர் இளகினாலும் அவ மத்தவங்களை விட்டுட்டு அந்த ஒருத்தர்கிட்டயே போவா."

முன்னால் சொன்னதெல்லாம் மெஹ்னாஸின் ஒரு காதில் நுழைந்து மறு காதில் போய்விட்டது. கடைசி வாக்கியம் மட்டும் நெஞ்சில் ஆணி அடித்த மாதிரி நின்றது. அன்றைக்கே வீட்டில் சட்டம் போட்டாள். இனிமேல் யாரும் கை சிக்னலுக்கு அசையக் கூடாது. கேட்டால்தான் எதுவும். ஜுபைர் தலையாட்டினான். கீழ் வீட்டு ஜானட்டும் சரி என்றாள். மெஹ்னாஸும் ஜுபைரும் வேலைக்குப் போன பிறகு, மத்தியானத்தில் அஜீசா கண்ணயரும் நேரமெல்லாம் சைமா ஜானட்டிடம்தான் இருப்பாள். அஜீசா மட்டும், "கொயந்த கிட்ட இன்னா ரூல்ஸு?" என்று உதட்டைப் பிதுக்கினாள்.

முதல் நோன்பு அன்றைக்கே சட்டம் உடைந்தது. கல்மண்டபம் பக்கத்துப் பள்ளிவாசலில் இருந்து ஜுபைர் தூக்கு நிறைய நோன்புக் கஞ்சி வாங்கி வந்திருந்தான். விரிப்பில் எல்லாரும் உட்கார்ந்து பாங்கு சத்தத்துக்குக் காத்திருந்தார்கள். சைமாவுக்குக் கஞ்சி என்றால் உயிர். அவள் அஜீசாவின் முன்னால் வந்து நின்று, சுட்டு விரலைக் கீழே நீட்டிச் சுழற்றினாள். அஜீசா கிண்ணத்தை அப்படியே அவள் வாயில் வைத்துவிட்டாள்.

"குடுக்காதீங்க அண்ணி!" மெஹ்னாஸ் போட்ட கத்தலில் பிள்ளை திடுக்கிட்டு அழுதது.

"இன்னா பேச்சு பேசற நீ?" அஜீசாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நோம்பு தொறக்கற நேரத்துல வாசல்ல எவன் வந்து கைய நீட்னாலும் மொதல்ல அவனுக்குக் குடுத்துட்டுதான் நம்ம வாயில வெப்போம். எங்கம்மா காலத்துலேர்ந்து இந்த வூட்ல அதான் பயக்கம். நாள் பூரா பசி இன்னான்னு தெரிஞ்சிக்கினு, கடசில பெத்த புள்ளய பாக்க வெச்சி நம்ம குடிக்கறதா? அந்தக் கஞ்சி எனக்கு எறங்குமா?"

"அவ பேசாமயே போயிட்டா உங்களுக்கு எறங்குமா?"

ஜுபைர் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, பழக்க தோஷத்தில் உள்ளங்கையைக் கவிழ்த்து 'நிறுத்து' என்று சிக்னல் காட்டினான். அதைப் பார்த்து மெஹ்னாஸுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கு யாரும் நிம்மதியாக நோன்பு திறக்கவில்லை.

மறுநாள் அஜீசா தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். கஞ்சி வீட்டுக்கு வந்த கையோடு, பாங்குக்கு ரொம்ப முன்னாலேயே, சைமாவை உட்கார வைத்து அவள் பங்கைக் கொடுத்துவிடுவாள். அப்போது கேட்க வைப்பாளாம். "விரிப்பு போட்டப்பறம் யாரயும் நான் காக்க வெக்க மாட்டேன். அத்த மட்டும் என்கிட்ட கேக்காத" என்றாள். மெஹ்னாஸ் ஒப்புக்கொண்டாள். நம்பவில்லை.

நம்பாதவளுக்கு நாள் முழுக்க வேலைதான். திடீர் திடீரென்று வீடியோ கால் போடுவாள். சைமாவின் வாயோரத்தில் ஒரு துணுக்கு தெரிந்தால் அது என்ன, யார் கொடுத்தது, எப்படிக் கேட்டாள் என்று விசாரணை நடக்கும். ஜுபைரைப் பார்த்தால், பாவம், வீட்டுக்குள் நுழையும்போதே இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொள்வான். ஜானட்டின் மேலும் சந்தேகம். இந்த வருஷம் நோன்பும் கிறிஸ்தவர்களின் தவக்காலமும் ஒன்றாகக் கைகோத்து வந்திருந்தன. ஜானட் கறி மீன் தொடாமல் இருந்தாள். தனக்கே ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொண்டவள் பிள்ளையிடம் இளகிவிடுவாள் என்று மெஹ்னாஸ் ஏனோ முடிவு கட்டியிருந்தாள். ராத்திரி படுத்தாலும் தூக்கம் பிடிக்காது. யாரோ ஒருத்தர் இளகுகிறார். யார்?

ஏனென்றால் சைமா பேசவில்லை. நோன்பு பாதி மாதம் தாண்டிவிட்டது. மெஹ்னாஸ் வீட்டுக்கு வந்தால் ஓடி வந்து முழங்காலைக் கட்டிக்கொள்வாள், சிரிப்பாள். ஒரு வார்த்தைகூட வராது. எல்லாரும் சட்டப்படி நடந்தால் இவ்வளவு நாளில் 'தா' என்றாவது வந்திருக்காதா? எங்கேயோ ஓட்டை இருக்கிறது. கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அவள் கங்கணம் கட்டிக்கொண்டாள்.

அன்றைக்கு யார்டில் நெட் படுத்துவிட்டது. லாரிகள் எண்ணூர் ரோடு வரைக்கும் தேங்கி நின்றன. சாயந்திரம் வரை ஒன்றும் ஆகாது என்று சூப்பர்வைசர் சொன்னதும், மெஹ்னாஸ் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். வீட்டுக்குச் சொல்லவில்லை. வேண்டுமென்றுதான் சொல்லவில்லை. ஷேர் ஆட்டோ லாரிகளுக்கு நடுவே புழுதி குடித்துக்கொண்டு ஊர்ந்தது. "அண்ணா, கொஞ்சம் சீக்கிரம் போங்கண்ணா" என்றாள். "இன்னா, மேல பறக்கட்டுமா?" என்றான் அவன். கல்மண்டபத்தில் இறங்கி, மீன் வாடையும் வெயிலும் ஒன்றாக முகத்தில் அடிக்க, ஏறக்குறைய ஓடினாள். ஜானட் வீட்டு வாசலுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். திருடனைப் பிடிக்க வந்தவள் மாதிரி கதவோரம் ஒட்டி நின்றாள்.

உள்ளே ஜானட்டின் குரல் கேட்டது. "இன்னாடி வோணும் என் செல்லத்துக்கு? கையெல்லாம் எனக்குப் புரியாது."

மகள் பிறந்ததிலிருந்து மெஹ்னாஸ் கேட்டிராத ஒரு குரல், கொஞ்சம் கரகரப்பாக, "தண்ணி" என்றது. "தா."

மெஹ்னாஸின் கையிலிருந்த செருப்பு கீழே விழுந்தது. அல்லாவே என்று வாய் முணுமுணுத்தது, கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் வந்தது. சந்தோஷம்தான். ஆனால் அது தொண்டை வரைக்கும் வருவதற்குள் இன்னொன்று அதை முந்திக்கொண்டு வந்தது. ஜானட் ஆச்சரியப்படவில்லையே. 'தா'ன்னா இந்தா, என்று தினசரி நடக்கிற காரியம் மாதிரி டம்ளரை எடுக்கிற சத்தம் அல்லவா கேட்கிறது?

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். சைமா அவளைப் பார்த்ததும் டம்ளரை விட்டுவிட்டு ஓடி வந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள். நிமிர்ந்து சிரித்தாள். ஒரு வார்த்தை இல்லை.

"எத்தினி நாளா பேசறா?"

ஜானட்டின் முகம் வெளுத்தது. "அது வந்து... ஒரு வாரம் இருக்கும்."

"ஒரு வாரமா? ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"அஜீசாக்கா சொல்லக் கூடாதுன்னு கையடிச்சு சத்தியம் வாங்கிட்டாங்க மெஹ்னாஸ். உன்கிட்ட பேசற வரைக்கும் யாரும் வாய தொறக்கக் கூடாதுன்னுட்டாங்க."

"என்கிட்ட ஏன் பேச மாட்டேங்கறா?" என்றாள் மெஹ்னாஸ். "சொல்லுங்கக்கா, நான் இன்னா பாவம் பண்ணேன்?"

ஜானட் மெஹ்னாஸின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெஹ்னாஸும் குனிந்து பார்த்தாள். அவள் தோளில் தொங்கிய பையின் ஜிப் திறந்திருந்தது. தினமும் மகளுக்கென்று வாங்கி வருகிற கடலை மிட்டாய் அவள் விரலில் இருந்தது. சைமாவின் வாய்க்குப் பாதி தூரம் போயும் விட்டது. பிள்ளை கேட்கவில்லை. கை காட்டவும் இல்லை. பையை ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான்.

"இத்ததான் நாங்க தினம் பாக்கறோம்" என்றாள் ஜானட் மெதுவாக. "நீ அவ கைய காட்டக் கூடாதுன்னுட்ட. உன்கிட்ட அவளுக்கு எதுக்குக் கை? ஃபேன பாத்தா ஃபேன் போடற, தலகாணிய பாத்தா மடியில படுக்க வெக்கற. அவ மனசுல நெனைக்கறதுக்கு முன்னாடி உனக்குத் தெரிஞ்சிடுது. அப்பறம் எத்த கேக்கும் அந்தக் கொயந்த?"

மெஹ்னாஸ் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறினாள். கோபத்தை யார் மேலாவது கொட்டாவிட்டால் மூச்சு நின்றுவிடும் போல இருந்தது. அஜீசா வடைக்குப் பருப்பு அரைத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் டியூட்டி முடிந்து கஞ்சித் தூக்கோடு வந்திருந்த ஜுபைர், மனைவியின் முகத்தைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டு சுவரோரம் ஒதுங்கினான்.

"ஊரே கேட்டாச்சு, பெத்தவ மட்டும் கேக்கல! எல்லாரும் சேந்து என்ன முட்டாளாக்கிட்டீங்க இல்ல? நான் அங்க ஒவ்வொரு நிமிசமும் செத்துக்கினு கீறேன். நீங்க இங்க உக்காந்துக்கினு அவ பேச்ச கேட்டு ரசிச்சிக்கினு கீறீங்க!"

"கத்து" என்றாள் அஜீசா. மாவுக் கையை நிதானமாகக் கழுவினாள். "கத்தி முடி. மொத நாளே சொல்லலாம்னுதான் போன எடுத்தேன். 'குப்பி'ன்னு என்ன கூப்ட்டா. அப்பாவோட அக்காவ கூப்ட்டுட்டா, அம்மான்னு இன்னும் சொல்லல. இத்த எந்த வாயால உன்கிட்ட சொல்றது? அடுத்தவங்க சொல்லிக் கேட்டா உன் வவுறு எரியாதா? உன் காதால நீயே மொதல்ல கேட்ட மாதிரி இருக்கட்டும்னுதான் எல்லார் வாயயும் அடச்சேன். தப்புன்னா தப்புதான். போ."

"அப்பன் என்ன 'அத்தா'ன்னு கூப்ட்டா" என்றான் ஜுபைர் சுவரைப் பார்த்துக்கொண்டு. "பாத்ரூம்ல போய் தண்ணிய தொறந்து வுட்டுட்டு அயுதேன். நீ வந்து தண்ணிய வேஸ்ட் பண்ணாதன்னு கதவ தட்டுன."

மெஹ்னாஸுக்கு அந்த நாள் நினைவு வந்தது. கத்த வேண்டியது நிறைய மிச்சமிருந்தும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பகலெல்லாம் பிள்ளையை விட்டுவிட்டு ஓடுகிறோமே என்கிற குற்ற உணர்ச்சியில், வீட்டில் இருக்கும் நேரத்தில் அவளை ஒரு நொடிகூடத் தவிக்க விடக் கூடாது என்று அவளுடைய கண்ணும் கையும் தாமாகவே பாடுபட்டிருக்கின்றன. சட்டம் எல்லாருக்கும் போட்டாள். தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை. தனக்கும் சட்டம் வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. இத்தனை நாள் தேடிய ஓட்டை அவளேதான். அவள் வாய்விட்டு அழுதாள். சைமா வந்து அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

இந்த ரகளையில் சைமாவுக்கு முன்கூட்டியே கஞ்சி கொடுக்க எல்லாருக்கும் மறந்து போனது. விரிப்பு போட்டு, பேரீச்சை, வடை, கிண்ணங்கள் எல்லாம் வைத்து உட்கார்ந்த பிறகுதான் அஜீசாவுக்கு நினைவு வந்தது. யாரும் எதுவும் சொல்வதற்குள் சைமா வழக்கப்படி குப்பியின் முன்னால் போய் நின்றுவிட்டாள்.

"கஞ்சி" என்றாள் தெளிவாக. "தா."

முதல் தடவையாக அந்தச் சொல்லைத் தன் கண்ணெதிரே கேட்டாள் மெஹ்னாஸ். தன்னிடம் சொல்லவில்லை.

அஜீசா கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். பிள்ளை கேட்டும் விட்டது, சட்டப்படி கொடுக்க வேண்டியதுதான். நோன்பு திறக்கிற நேரத்தில் வந்து நிற்கிற உயிரைக் காக்க வைப்பது அவளுக்கு ஹராமுக்குச் சமம். அஜீசா கிண்ணத்தை நீட்டி மெஹ்னாஸின் மடிக்கு முன்னால் வைத்தாள்.

"என்கிட்ட இல்ல. அம்மாகிட்ட கேளு" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பள்ளிவாசலில் பாங்கு ஆரம்பித்தது. யாரும் பேரீச்சையைத் தொடவில்லை. சைமா ஜுபைரிடம் போனாள். அவன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டு, "அம்மாகிட்ட கேளுடா" என்றான். பிள்ளை மறுபடி குப்பியைப் பார்த்தது. குப்பி கல் மாதிரி இருந்தாள். வேறு போக்கிடம் இல்லாமல் அம்மாவின் முன்னால் வந்து நின்று, கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் கண்ணைப் பார்த்தாள்.

அந்தப் பார்வை மெஹ்னாஸுக்கு மனப்பாடம். பசிக்குது, சூடு பார்த்துக் கொடு, ஸ்பூன் வேண்டாம், உன் மடியில் உட்காரணும். எல்லாம் புரிந்தது. கை கிண்ணத்துக்குப் போனது. இழுத்துப் பிடித்துக்கொண்டாள். கிண்ணத்தைத் தூக்கி இருவருக்கும் நடுவில் பிடித்து, "கஞ்சி" என்றாள். காத்திருந்தாள்.

சைமாவுக்குப் புரியவில்லை. மற்றவர்கள் சரி, அம்மாவுமா? உதட்டைப் பிதுக்கினாள். காலைத் தரையில் உதைத்தாள். கண் நிறைந்து வழிந்தது. பாங்கு முடிந்து, தெருவில் எல்லா வீட்டிலும் கிண்ணச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஒரு நிமிஷம் என்பது இவ்வளவு நீளம் என்று மெஹ்னாஸுக்கு யாரும் சொன்னதில்லை. இன்னொரு சொட்டுக் கண்ணீர் விழுந்தால் கொடுத்துவிடுவாள். எந்தச் சட்டமும் வேண்டாம், பேசாவிட்டால் போகட்டும், பள்ளிக்கூடமும் வேண்டாம்.

"ம்மா" என்றது பிள்ளை, அழுகைக்கு நடுவில், கோபமாக. "ம்மா, தா!"

மெஹ்னாஸ் கிண்ணத்தை அவள் வாயில் வைத்தாள். சைமா இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, மூக்குச் சளியும் கஞ்சியுமாக மடமடவென்று குடித்தாள். ஜுபைர் தொடைக்கடியில் இருந்து கையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். மெஹ்னாஸ் மகளின் உச்சந்தலையில் கன்னத்தை வைத்து, மறுபடி சொல்லு, மறுபடி சொல்லு என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காத தாகம் மறந்து போயிருந்தது.

அஜீசா ஒரு பேரீச்சையை எடுத்துக் கொட்டையைப் பிதுக்கிப் போட்டுவிட்டு, மெஹ்னாஸின் வாயருகே நீட்டினாள். மெஹ்னாஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா பாக்கற? உனக்கெல்லாம் ரூல்ஸ் கெடயாது" என்றாள் அஜீசா. "கேக்கத் தேவல. வாய தொற."